குழாயில் தெரிந்த பினாங்கு

தாஜுதீன் காரை விட்டு இறங்கி ஒரு எட்டு வைப்பதற்குள் அவன் காலடியில் ஒரு வாளி அழுக்குத் தண்ணீர் வந்து விழுந்தது. ஊற்றிய பெண் மன்னிப்பும் கேட்கவில்லை, வீட்டுக்குள்ளும் போகவில்லை. காலி வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னும் ஏன் நிற்கிறாய் என்பதுபோல் அவனை முறைத்தாள்.

"அக்கா, மரியாதை பலமா இருக்கு. ஆரத்தி எடுக்கிறதுக்கு முன்னால காலைக் கழுவி விடுறாங்க" என்றான்.

ரஞ்சிதம் சிரிக்கவில்லை. அவள் சிரித்து அவன் பார்த்ததும் குறைவு. ஈப்போவில் பல வருஷம் போலீஸ் உடுப்பு போட்டவள். மேலதிகாரிகள் முடித்துவைத்த வழக்குகளில் எல்லாம் "அப்படியா?" என்று கேட்டுக் கேட்டே வேலையை விட்டு வெளியே வந்தவள். இப்போது தாஜுதீனின் அத்தா நடத்தும் சாப்பாட்டுக் கடையின் மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறாள். அந்த மாடிக்கு வாடகை கேட்கப் போனவன்தான் தாஜுதீன். போனவன் உதவியாளனாகத் திரும்பி வந்தான். வாடகையைப் பற்றி அத்தா இன்றைக்கும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

கேமரன் மலையில் சுங்கை மெலூர் தேயிலைத் தோட்டம். தானா ராத்தா டவுனிலிருந்து அரை மணி நேரம் வளைந்து வளைந்து ஏறி வந்ததில் தாஜுதீனுக்குக் குடல் வாய்க்கு வந்திருந்தது. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு வாசலிலும் இரண்டு மூன்று பேர் நின்றார்கள். ஒருவர்கூட வா என்று சொல்லவில்லை.

அவர்கள் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. கையால் கொழுந்து கிள்ளுவதை நிறுத்திவிட்டுப் பெரிய கத்தரியால் வெட்டச் சொல்லி நிர்வாகம் உத்தரவு போட்டது. ஒரு கத்தரி வந்தால் மூன்று பேருக்கு வேலை போகும். ஆண்டியப்பன் என்ற தொழிலாளி முன்னால் நின்று எல்லோரையும் வேலைக்குப் போகாமல் நிறுத்தினான். பத்து வீட்டு அடுப்பு எரியாமல் கிடந்தபோதும் ஜனங்கள் அவன் பேச்சை நம்பி நின்றார்கள். திடீரென்று ஒரு நாள் ஆண்டியப்பனைக் காணவில்லை. போலீஸ் வந்து தேடத் தொடங்கிய மறுநாளே தோட்டத்து ஆட்கள் சிலர் அவனைக் கண்ணாலேயே பார்த்துவிட்டார்கள். பினாங்குப் படகுத்துறையில், தோளில் பையோடு, சிரித்துக்கொண்டு நின்றானாம்.

அவர்கள் பினாங்குக்குப் போய்ப் பார்க்கவில்லை. தோட்டத்து எல்லையில், மேட்டின் மேல் ஒரு குடிசையில் இருந்த தூரக்கண்ணாடியில் பார்த்தார்கள்.

அந்தக் கண்ணாடியின் பெருமையை ரஞ்சிதமும் தாஜுதீனும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டுதான் வந்திருந்தார்கள். கப்பலில் வேலை பார்த்ததாகச் சொல்லிக்கொள்ளும் விஜயன் என்பவன் வைத்திருக்கிறான். பத்துக் காசு கொடுத்துக் குழாயில் கண்ணை வைத்தால் கடலோரப் பட்டணமெல்லாம் அந்த நிமிஷம் எப்படி இருக்கிறதோ அப்படியே தெரியுமாம். பினாங்கு மணிக்கூண்டு, மலாக்கா கோட்டை வாசல், சிங்கப்பூர்த் துறைமுகம், காசு கூடக் கொடுத்தால் மெட்ராஸ் கலங்கரை விளக்கம்.

"மெட்ராஸா?" என்று தாஜுதீன் கேட்டிருந்தான். "அப்ப நாகப்பட்டணத்துல எங்க நன்னிமாக் கெழவி மீனுக்குப் பேரம் பேசுறதையும் பாத்துறலாம்லா."

மெட்ராஸைப் பற்றி லயத்திலும் பலருக்குச் சந்தேகம் இருந்தது. ஆனால் தெரிந்த முகம் ஒன்று குழாய்க்குள் தெரிந்தபிறகு யாரும் சந்தேகப்படவில்லை. நிர்வாகத்திடம் கை நீட்டி வாங்கிக்கொண்டு ஓடிவிட்டான் என்று முடிவு கட்டினார்கள். போலீஸும் ஆள் பினாங்கில் இருக்கிறான் என்று எழுதிக்கொண்டு மலையை விட்டு இறங்கியது. போராட்டம் உடைந்தது. கத்தரி வந்தது.

ஆண்டியப்பன் மனைவி வடிவம்மாளின் வீட்டுக் கதவில் யாரோ சாணியை அடித்திருந்தார்கள். அவள் அதைக் கழுவாமலே விட்டிருந்தாள். ஈப்போவில் இருக்கும் தம்பியிடம் சொல்லி ரஞ்சிதத்தை வரவழைத்தவள் அவள்தான். புருஷன் பேரில் இருக்கிற வீட்டை நாளைக் காலையில் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவாகியிருந்தது. வீட்டில் கட்டிவைத்த மூட்டை ஒன்றும் இல்லை. போகிற உத்தேசமே அவளுக்கு இல்லை என்று தாஜுதீனுக்குப் புரிந்தது.

"எனக்கு வீடு வேணாங்க" என்றாள் வடிவம்மாள். "அவரு செத்துட்டாருன்னா செத்துட்டாருன்னு சொல்லுங்க. ஓடிட்டாருன்னு மட்டும் சொல்லாதீங்க. அவரு ஓடுற ஆளு இல்ல."

அந்தப் பெண்ணை அந்த ஊரே சேர்ந்து தின்றுகொண்டிருக்கிறது என்று தாஜுதீனுக்கு ஆத்திரமாக வந்தது.

சாட்சி சொன்னவர்களில் முக்கியமானவள் வேலம்மா. வாளியோடு வரவேற்றவளும் அவள்தான். ரஞ்சிதம் அவள் வாசலில் போய் நின்றபோது வேலம்மா முறத்தைக் கீழே வைக்காமலே பேசினாள். நீ கேட்டு நான் சொல்ல என்ன அவசியம் என்றாள். பொம்பளைக்குத் துப்பறிகிற வேலை எதற்கு என்றாள். ரஞ்சிதம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். கடைசியில், பார்த்தது ஆண்டியப்பன்தானா, அவன் ஜாடையில் வேறு ஆளா என்று மட்டும் கேட்டாள்.

அது வேலம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "நான் பொய் சொல்றேன்கிறியா? இந்த ரெண்டு கண்ணால பாத்தேன்லா. அடையாளம் தெரியக்கூடாதுன்னு மொட்டை போட்டிருந்தான். மண்டையில சந்தனம் மஞ்சளா அப்பியிருந்துச்சு. மொட்டை போட்டா எங்களுக்குத் தெரியாமப் போயிருமா?"

ரஞ்சிதம் அவ்வளவு போதும் என்று வாசலை விட்டு இறங்கினாள். திரும்பி வரும் வழியில் தாஜுதீனின் ஒரு கால் முழங்கால் வரை சேற்றில் இறங்கியது. பாதை முழுவதும் மேட்டிலிருந்து சேறு வழிந்து கிடந்தது. வேலம்மா பின்னாலிருந்தே அதற்கும் திட்டினாள். வேலை மறுபடி தொடங்கி ஒன்பதாம் நம்பர் மலையில் கவ்வாத்து முடிந்ததிலிருந்து மழை பெய்தால் பாதையெல்லாம் இந்த லட்சணம்தானாம். தேயிலைச் செடியைக் குட்டையாக வெட்டிவிடுவதற்குத்தான் கவ்வாத்து என்று பெயர். வெட்டிய கொப்புகளைச் செடிக்கு அடியிலேயே பரப்பிவிடுவது வழக்கம். இந்த முறை எல்லாவற்றையும் மழைத்தண்ணீர் போகிற காணில் போட்டு நிரப்பச் சொல்லி ஆபீஸிலிருந்து உத்தரவு வந்ததாம். எழுதப் படித்தவன் உத்தரவு போட்டால் தண்ணீர்கூடப் பாதை மாறித்தான் போக வேண்டும் என்று அவள் சொன்னபோது, அந்தக் கோபத்தில் நியாயம் இருப்பதாகத் தாஜுதீனுக்குப் பட்டது. சேறு அவன் காலில்தானே இருந்தது.

அந்தத் தோட்டத்தில் முகம் கொடுத்துப் பேசியவர் ஒருவர்தான். கிராணி சாம்பசிவம், ஆபீஸ் கணக்கெல்லாம் பார்ப்பவர். காலைக் கழுவத் தண்ணீர் கொடுத்து, நாற்காலி போட்டு உட்காரவைத்து, தேநீரும் பிஸ்கட்டும் தந்தார். ஆண்டியப்பன் தன் கூடப் பிறக்காத தம்பி மாதிரி என்றார். அவன் இப்படிச் செய்வான் என்று கனவிலும் நினைக்கவில்லை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். வடிவம்மாளுக்கு இன்னும் ஒரு வாரம் தவணை வாங்கித்தரத் தோட்டத்து மேனேஜர் துரையிடம் தானே பேசுவதாகவும் சொன்னார். இந்த மலையில் மனுஷன் என்று ஒருவராவது இருக்கிறாரே என்று தாஜுதீன் இரண்டாவது பிஸ்கட்டை எடுத்துக்கொண்டான்.

"துரை நல்லவரா?" என்று ரஞ்சிதம் கேட்டாள்.

சாம்பசிவம் சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, போராட்டம் உடையாமல் இருந்திருந்தால் துரை எந்த எல்லைக்கும் போயிருப்பார், அதற்குமேல் தன்னைக் கேட்க வேண்டாம் என்றார்.

மேட்டுக் குடிசைக்கு அவர்கள் ஏறியபோது பனி இறங்கத் தொடங்கியிருந்தது. விஜயன் கதவில் சாய்ந்து உட்கார்ந்து பாராங் கத்தியால் மூங்கில் சீவிக்கொண்டிருந்தான். இன்றைக்குக் கண்ணாடி கிடையாது, பனியில் பினாங்கு தெரியாது, போங்கள் என்றான். தாஜுதீன் விடவில்லை. பினாங்கு வேண்டாம், பனிக்கு அந்தப்பக்கம் பக்கத்து மலை தெரிந்தால் போதும், அரைக் காசு தருகிறேன் என்று பேரம் பேசினான். விஜயன் மூங்கிலைக் கீழே போட்டான். கத்தியைப் போடவில்லை.

இவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ரஞ்சிதம் குடிசையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். கடல் இருக்கிற திசையைப் பார்த்துக் குழாயின் மறுமுனை சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"தாஜு, இங்க வா" என்று கூப்பிட்டாள்.

அவன் போய்ப் பார்த்தான். பித்தளைக் குழாயின் வாய் முழுவதையும் மண்ணால் அடைத்து ஒரு குளவி கூடு கட்டியிருந்தது. கூடு காய்ந்து கல்லாகிப் பல மாதம் ஆகியிருக்கும். ஒரு ஈ நுழைய இடமில்லை.

"அடேங்கப்பா" என்றான் தாஜுதீன். "மணிக்கூண்டு, கப்பல், மெட்ராஸ் எல்லாத்தையும் குளவி உள்ள வச்சுப் பூசிருச்சு."

பின்னாலேயே வந்த விஜயனும் அதைப் பார்த்தான். தன் கண்ணாடியின் வெளி வாயை அவனே எத்தனையோ நாளாக எட்டிப் பார்த்ததில்லை போலும். முகம் செத்துப்போயிற்று. அடுத்த கணம் கத்தியை ஓங்கிக்கொண்டு தாஜுதீன்மேல் பாய்ந்தான். தாஜுதீனுக்கு வீரம் வாயில் மட்டும்தான். அவன் வழுக்கி உட்கார்ந்ததால் கத்தி தலைக்கு மேலே போயிற்று. ரஞ்சிதம் விஜயனின் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கிய வேகத்தில் பாராங் புல்லில் விழுந்தது. போலீஸ் வேலையில் அவள் மறக்காமல் எடுத்துக்கொண்டு வந்தது அந்தப் பிடி ஒன்றுதான்.

குடிசைக்குள் எல்லாம் வெட்டவெளிச்சமாயிற்று. வெளியே நீட்டிய குழாய் சுவரோடு நின்றுவிட்டது. உள்ளே, கண்ணை வைக்கும் முனைக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டி, ஒரு விளக்கு, விளக்குக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடித் தட்டில் தண்ணீர். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற கலர் பிலிம் துண்டுகளைப் பெட்டியில் செருகி, விஜயன் தட்டை லேசாக ஆட்டினால் கடல் அலையடிக்கும். பார்க்கிறவன் கப்பல் ஏன் நகரவில்லை என்று யோசிப்பதற்குள் மூடியைப் போட்டுவிடுவான்.

ஆண்டியப்பன் படம் எங்கே என்று ரஞ்சிதம் கேட்டாள். விஜயன் அழத் தொடங்கினான். அந்தப் படம் தன்னுடையது இல்லை என்றும், கொண்டுவந்து கொடுத்தவர்கள் ஒரே ஒரு காலைப்பொழுது காட்டச் சொல்லித் திரும்ப வாங்கிக்கொண்டார்கள் என்றும் சொன்னான். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. யார் கொடுத்தது என்பதற்கு மட்டும் அவன் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் குடிசையோடு கொளுத்திவிடுவார்கள் என்றான்.

"துரைதான்" என்றான் தாஜுதீன், இறங்கும் வழியில். "கிராணிகூடக் கோடி காட்டினாருல்ல. வேற யாரு, குளவியா?"

"துரைக்கு ஆண்டியப்பன் ஓடிட்டான்னு காட்டணும், சரி" என்றாள் ரஞ்சிதம். "அதுக்கு ஆண்டியப்பனோட படம் வேணுமே. மொட்டைத் தலையோட, சந்தனத்தோட, பினாங்குப் படகுத்துறையில நிக்கிற படம். அது எங்கேயிருந்து வந்துச்சு?"

அவள் நேராக வடிவம்மாள் வீட்டுக்குப் போனாள். குழாயில் எதைப் பார்த்தார்கள் என்று வடிவம்மாளிடம் இதுவரை ஒருவரும் விவரமாகச் சொன்னதில்லை. முகத்தைப் பார்த்துக் காறித் துப்பத்தான் வந்தார்கள். ஆண்டியப்பன் கடைசியாக மொட்டை போட்டது எப்போது என்று ரஞ்சிதம் கேட்டதும் அவள் யோசிக்காமல் சொன்னாள். தைப்பூசத்துக்கு, பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில். அவளுக்குக் காய்ச்சல் கண்டு பிழைத்ததற்காக அவன் செய்த நேர்த்திக்கடன். ஆடி மாதத்துக்குள் முடி பழையபடி அடர்த்தியாக வளர்ந்துவிட்டது. காணாமல் போன அன்று காலையில்கூட அவள்தான் எண்ணெய் வைத்துவிட்டாள்.

லயத்து ஜனங்களுக்கும் அந்தத் தைப்பூச மொட்டை தெரியும். ஆனால் ஆத்திரத்தில் இருந்தவர்களுக்கு, பழைய மொட்டை நினைவுக்கு வரவில்லை. மறுபடியும் போட்டுக்கொண்டான் என்றே எடுத்துக்கொண்டார்கள். நம்ப வேண்டும் என்று நினைத்துவிட்டால் கண்ணும் அதற்கு ஒத்துப்போகிறது என்று தாஜுதீனுக்குக் கசப்பாகத் தோன்றியது.

"தைப்பூசத்துக்கு யாரோட போனீங்க?"

"கிராணி அய்யா கெரேத்தாவுல, அவரே கார் ஓட்டிக் கூட்டிட்டுப் போனாருங்க. நாங்க ரெண்டு பேரும் அவரும்தான். புதுக் கேமரா வாங்கியிருந்தாரு. படகுத்துறையில இவரத் தனியா நிக்கவச்சு எடுத்தாரு. அப்புறம் கேட்டப்போ, பிலிமு கெட்டுப்போச்சு, ஒரு படமும் விழலன்னுட்டாரு."

சாம்பசிவம் கொடுத்த பிஸ்கட்டைத் தின்றோமே என்று தாஜுதீனுக்கு வெட்கமாக இருந்தது. ரஞ்சிதம் எழுந்து கதவுப் பக்கம் போய் அவனை அருகே அழைத்தாள். ஒருவனை வேறு ஊரில் பார்த்ததாகச் சொல்லவைப்பது எதற்கு என்று மெல்லக் கேட்டாள். இந்த ஊரில் தேடுவதை நிறுத்தத்தான். அப்படியென்றால் அவன் இந்த ஊரில்தான் இருக்கிறான். பிறகு, சேற்றில் இறங்கியிருந்த தாஜுதீனின் காலைப் பார்த்தாள்.

"மழை கொட்டுற மலையில காணை அடைக்கச் சொன்னது எந்த ஆபீஸ், தாஜு?"

சாம்பசிவத்தின் ஆபீஸ்தான் என்று அவனுக்குப் புரிந்தது. காரை எடுத்துக்கொண்டு தானா ராத்தா போலீஸ் ஸ்டேஷனுக்குப் பறந்தான். இந்த முறை வளைவுகளில் அவனுக்குக் குமட்டவில்லை.

அவன் இரண்டு போலீஸ்காரர்களோடு திரும்பியபோது ஒன்பதாம் நம்பர் மலையில் தோட்டமே கூடியிருந்தது. ரஞ்சிதம் ஒருத்தியாகக் காணுக்குள் இறங்கிக் கொப்புகளை அள்ளி வெளியே போட்டுக்கொண்டிருந்தாள். சுற்றி நின்றவர்கள் அவளைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தான். சாம்பசிவம் ஓடிவந்து, எஸ்டேட் சொத்தில் கைவைக்க நீ யார் என்று கத்தினார். மத்தியானம் தேநீர் கொடுத்த குரலா இது என்று தாஜுதீன் திகைத்துப்போனான்.

ரஞ்சிதம் நிமிர்ந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி ஒன்றே ஒன்று கேட்டாள். "தைப்பூசத்துல கெட்டுப்போன பிலிமு விஜயன் பெட்டிக்குள்ள எப்படி நல்லா விழுந்துச்சு, கிராணி அய்யா?"

கூட்டத்தின் விளிம்பில் நின்ற விஜயன் தலையைக் குனிந்துகொண்டான். மாட்டிக்கொள்ளப்போவது தான் ஒருவன் இல்லை என்று தெரிந்ததும் அவனுக்குத் தைரியம் வந்தது. "அவருதான் குடுத்தாரு" என்றான்.

சாம்பசிவம் திரும்பி ஓடப் பார்த்தார். போலீஸ்காரர்கள் இருக்கட்டும், வேலம்மாவே அவர் சட்டையைப் பிடித்துவிட்டாள். அதற்குள் கொப்புக்கு அடியில் இருந்த மண்ணை ரஞ்சிதம் கையால் விலக்கியிருந்தாள். நீலக் கட்டம் போட்ட ஒரு சட்டைக் கை வெளியே தெரிந்தது. எண்ணெய் வைத்த கறுத்த முடி மண்ணோடு ஒட்டிக் கிடந்தது. யாரும் அதற்குமேல் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

"பேசத்தான் கூப்பிட்டேன்" என்றார் சாம்பசிவம். ஒருவரும் கேட்காமலே சொன்னார். போராட்டத்தை உடைக்காவிட்டால் உன் வேலை போகும் என்று துரை சொல்லியிருந்தாராம். கையெடுத்துக் கும்பிட்டும் ஆண்டியப்பன் கேட்கவில்லையாம். தள்ளிவிட்டதில் கல்லில் மண்டை மோதிவிட்டதாம். காணில் போட்டு மூடியபோது அவன் உயிரோடு இருந்தானா என்று போலீஸ்காரர் கேட்டதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வடிவம்மாளுக்கு யார் போய்ச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. அவள் நடந்து வந்தாள். வழியை மறித்து நின்ற கூட்டம் தானாக விலகியது. காணின் ஓரத்தில் உட்கார்ந்து, தெரிந்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. அவள் முகத்தில் தெரிந்தது துக்கம் மட்டுமாக இல்லை என்று தாஜுதீனுக்குப் பட்டது. இத்தனை நாளும் அவள் ஒருத்தி சொன்னது இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

சாட்சி சொன்னவர்களில் ஒருவனான கந்தசாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான். அவனைப் பார்த்து இன்னும் நாலைந்து ஆண்கள் வந்தார்கள். வேலம்மா தன் சேலை முந்தானையை அவிழ்த்து, முகத்தை மூடக் கொடுப்பதற்காகக் குனிந்தாள். தூக்குவதற்கு எல்லோரும் தயாராக இருந்தார்கள்.

வடிவம்மாள் கையை நீட்டித் தடுத்தாள்.

"யாரும் தொடாதீங்க. நீங்க எல்லாரும்தான் கண்ணால பாத்தீங்களே. எம் புருசன் பினாங்குலதானே இருக்காரு."

கந்தசாமி நின்ற இடத்திலேயே நின்றான். வேலம்மா முந்தானையைச் சுருட்டி மார்போடு அழுத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் கூட்டம் பின்னால் நகரத் தொடங்கியது. ரஞ்சிதமும் தாஜுதீனும் இரண்டு போலீஸ்காரர்களும் காணுக்குள் இறங்கி ஆண்டியப்பனைத் தூக்கினார்கள்.